எந்தக் கதவைத் தட்டுவது? வாசகர் கேள்விகளுக்கு ஒரு பொது மருத்துவரின் பதில்கள்

கேள்வி: புது ஊருக்குக் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. இப்போதே மருத்துவரைத் தேடிவைக்க வேண்டுமா?

பதில்: அவசியம். காய்ச்சலில் துவளும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடு இரவில் முகவரி விசாரிக்கும் அவதி யாருக்கும் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் பதிவுபெற்ற பொது மருத்துவர் ஒருவரிடம், ரத்த அழுத்தம் பார்க்கும் சாக்கிலாவது ஒருமுறை போய்வாருங்கள். தன்னால் முடியாததை இன்னொருவரிடம் அனுப்பத் தயங்காதவர் என்றால் அவரையே பிடித்துக்கொள்ளுங்கள். 2018-இல் வெளியான ஒரு மதிப்பாய்வு 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஒரே மருத்துவரைத் தொடர்ந்து பார்ப்பவர்களிடையே இறப்பு குறைவு என்று அவற்றில் 18 ஆய்வுகள் காட்டின. அவர் விடுப்பில் இருக்கும் நாளில் எங்கே போவது என்பதையும் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அப்பா சர்க்கரைக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், மூட்டுவலிக்கு ஒருவர் என்று மூன்று பேரைப் பார்க்கிறார். இது சரியா?

பதில்: மூவரைப் பார்ப்பதில் தவறில்லை. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் போவதுதான் ஆபத்து. கால் வீக்கத்தோடு ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். சிறுநீரகப் பரிசோதனை, இதய ஸ்கேன் எல்லாம் எடுத்தாகிவிட்டது, எதிலும் குறையில்லை. அவர் கொண்டுவந்த துணிப்பையை மேசையில் கவிழ்க்கச் சொன்னேன். மூன்று நிறங்களில் மூன்று மாத்திரை அட்டைகள், மூன்று வணிகப் பெயர்கள். அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்த மருந்துப் பெயரோ மூன்றிலும் ஒன்றே: ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபைன், 5 மில்லிகிராம். அந்த மருந்துக்கு ஒரு நாளின் உச்ச அளவே 10 மில்லிகிராம். அவர் 15 விழுங்கிக்கொண்டிருந்தார். கால் வீக்கம் அதன் பெயர்போன பக்கவிளைவு. அளவைக் குறைத்ததும் வீக்கம் வடிந்தது.

யாரைப் பார்க்கப் போனாலும் அப்பாவின் எல்லா மருந்துகளையும் அட்டையோடு எடுத்துப் போங்கள். மருந்தாளுநரிடமும் காட்டுங்கள். ஒன்றோடொன்று மோதும் மருந்துகளைக் கண்டுபிடிப்பது அவர் படித்த படிப்பிலேயே உண்டு. பணம் வாங்கிக்கொண்டு பொட்டலம் கொடுப்பவராக மட்டும் அவரை நினைப்பது நமக்குத்தான் நஷ்டம்.

கேள்வி: போன மாதம் அம்மாவுக்குப் பத்து நிமிடம் பேச்சு குழறியது, பிறகு சரியாகிவிட்டது. எங்கள் டாக்டர் ஊரில் இல்லாததால் இரண்டு நாள் காத்திருந்தோம். தவறா?

பதில்: தவறுதான். உங்களை நோகடிக்கச் சொல்லவில்லை. இன்னொரு முறை நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். தானாகச் சரியாகும் குழறல் பெரும்பாலும் பக்கவாதத்தின் முன்னறிவிப்பு. அடுத்த 48 மணி நேரம்தான் மிக ஆபத்தானது. முகம் கோணுவது, ஒரு கை தொய்வது, பேச்சு குழறுவது ஆகியவற்றில் எது வந்தாலும் கிளினிக் வேண்டாம்; ஆம்புலன்ஸை அழைத்து, சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அம்மாவை இதுவரை யாரும் முழுமையாகப் பரிசோதிக்கவில்லை என்றால் இன்றே அழைத்துப் போங்கள்.

கேள்வி: வீடியோ ஆலோசனையை நம்பலாமா?

பதில்: பரிசோதனை முடிவைக் காட்டவும், பழைய மருந்தைத் தொடர்வது பற்றிக் கேட்கவும் நம்பலாம். வயிற்றுவலிக்கு வேண்டாம், கைவைத்து அழுத்திப் பார்த்தாக வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால் திரை முன் உட்காரவே கூடாது, உடனே மருத்துவமனை.

கேள்வி: இடுப்பு எலும்பு அறுவை முடிந்து மாமியார் வீடு திரும்பப் போகிறார். தினமும் மருத்துவமனைக்குத் தூக்கிப்போக முடியாது.

பதில்: தூக்கிப்போக வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்பும் நாளுக்கு முன்பே வார்டு செவிலியரிடம் பேசிவிடுங்கள். வீட்டுக்கு வரும் செவிலியர், இயன்முறை மருத்துவர் ஆகியோருக்கான ஏற்பாடு அங்கிருந்தே தொடங்கினால் எளிது. வெளியே வந்தபின் தேடினால் நாட்கள் வீணாகும். படுக்கையில் புரட்டிவிடும் முறையை அவர்கள் முன்னிலையில் நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில், தையல் பிரிக்கும் தேதியும் சந்தேகம் வந்தால் அழைக்க வேண்டிய எண்ணும் இல்லையென்றால், எழுதித் தரும்வரை கிளம்பாதீர்கள்.