பின்னணிச் சரிபார்ப்பில் நிற்கும் கனடா பிஆர் கோப்புகள்: கேள்வி பதில்

கனடா பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) விண்ணப்பம் போட்டுவிட்டு போலீஸ் சான்றிதழுக்கும் பின்னணிச் சரிபார்ப்புக்கும் காத்திருக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. என் கணவரின் கோப்பு இரண்டு வருடத்துக்கு மேல் இதே கட்டத்தில் நின்றது. அப்போது தேடித் தேடிப் படித்தேன். அதன் பிறகு நிறைய பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்ப உதவியிருக்கிறேன். இந்தக் காத்திருப்பு மனிதரை என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும்.

கேள்வி: அக்கா, எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (திறமையாளர்களுக்கான பிஆர் வழி) போட்டு ஒன்பது மாதம் ஆகிறது. மெடிக்கல் முடிந்தது, பிசிசி (போலீஸ் சான்றிதழ்) கொடுத்தாயிற்று. கணக்கைத் திறந்தால் பேக்ரவுண்ட் செக் நடக்கிறது என்றே காட்டுகிறது. என் பிசிசியில் ஒரு குற்றமும் இல்லையே, இன்னும் எதைப் பார்க்கிறார்கள்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். பிசிசி வேறு, அவர்கள் செய்யும் சரிபார்ப்பு வேறு. பிசிசி நீங்கள் வாங்கிக் கொடுத்த ஒரு தாள். அது கோப்புக்குள் போன பிறகு அவர்களுடைய வேலை தொடங்குகிறது.

அந்த வேலையில் இரண்டு பகுதி. முதலாவது குற்றப் பின்னணி. பயோமெட்ரிக்ஸில் நீங்கள் கொடுத்த கைரேகையை கனடாவின் தேசிய போலீஸான ஆர்சிஎம்பி தன் பதிவுகளோடு ஒப்பிடும். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளோடும் கனடாவின் குடிவரவுத் துறையான ஐஆர்சிசி தகவல் பரிமாறிக்கொள்கிறது. இது பெரும்பாலும் சீக்கிரம் முடிந்துவிடும்.

இரண்டாவது பாதுகாப்புச் சோதனை. ஐஆர்சிசி அதிகாரி தேவை என்று கருதினால் கோப்பை எல்லைச் சேவை முகமையான சிபிஎஸ்ஏவுக்கும், உளவு நிறுவனமான சிஎஸ்ஐஎஸ்ஸுக்கும் அனுப்புவார். குடிவரவுச் சட்டத்தின் 34, 35, 37ஆம் பிரிவுகளில் வருகிற விஷயங்களை அவர்கள் பார்க்கிறார்கள்: உளவு, பயங்கரவாதம், போர்க்குற்றம், குற்றக் கும்பல் தொடர்பு. அவர்கள் ஆலோசனை மட்டும்தான் சொல்வார்கள். முடிவெடுப்பது ஐஆர்சிசி அதிகாரி. எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு ஆறு மாதம் என்று சொல்லப்படுவது ஒரு இலக்கு. பாதுகாப்புச் சோதனைக்குப் போன கோப்பை அந்த இலக்கு கட்டுப்படுத்தாது.

உங்கள் கோப்பு அங்கே போயிருந்தால் உங்கள் மேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை. ராணுவத்திலோ போலீஸிலோ இருந்தவர்கள், பல நாடுகளில் வாழ்ந்தவர்கள், படிவத்தில் சில மாதங்களைக் காலியாக விட்டவர்கள் ஆகியோரின் கோப்புகள் அங்கே அடிக்கடி போகின்றன. என் கணவர் ஒரு வேலையை விட்டு அடுத்த வேலை கிடைக்கும் வரை நான்கு மாதம் வீட்டில் இருந்தார். "வேலையில்லை" என்று எழுதக் கூச்சப்பட்டு அந்த வரியையே விட்டுவிட்டார். பிறகு அந்த நான்கு மாதத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஐஎம்எம் 5669 என்ற பின்னணி விவரப் படிவத்தில் பத்து வருட வரலாற்றை ஒரு மாதம் கூட விடாமல் எழுதுங்கள். வேலையில்லை என்றால் வேலையில்லை என்றே எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: அமெரிக்காவில் இரண்டு வருடம் படித்தேன். ஐடிஏ (விண்ணப்பிக்கச் சொல்லி வரும் அழைப்பு) வந்து 35 நாள் ஆகிவிட்டது, எஃப்பிஐ சான்றிதழ் இன்னும் வரவில்லை. 60 நாள் முடிந்துவிட்டால்?

60 நாளைத் தாண்ட விடாதீர்கள், ஐடிஏ காலாவதியாகிவிடும். சான்றிதழ் வராவிட்டால் அந்த இடத்தில் மூன்று தாள்களை ஒரே கோப்பாக்கி ஏற்றுங்கள்: எஃப்பிஐக்கு விண்ணப்பித்ததற்கான ஆதாரம், பணம் கட்டிய ரசீது, தேதிவாரியாக என்னென்ன செய்தீர்கள் என்று சொல்லும் விளக்கக் கடிதம். சான்றிதழ் வந்த அன்றே ஐஆர்சிசியின் இணையப் படிவமான வெப்ஃபார்ம் வழியாக அனுப்பிவிடுங்கள். இப்படி அனுப்பினால் ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் கையில் இருக்கிறது. ஆனாலும் காலி இடமாக விடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவுக்கு எஃப்பிஐ தரும் சான்றிதழ்தான் வேண்டும், மாநில போலீஸ் தருவது போதாது. கட்டணம் 18 டாலர். மை வைத்து எடுத்த கைரேகை தெளிவாக இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், வாரங்கள் வீணாகும். அதனால் ஒன்றுக்கு இரண்டு மூன்று கார்டுகளாக எடுத்து அனுப்புங்கள். ஐடிஏ வரட்டும் என்று காத்திருக்காமல், புரொஃபைல் போட்ட உடனே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: நான் கனடாவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. வந்த பிறகு எடுத்த இந்திய பிசிசி பதினான்கு மாதம் பழையது. நடுவில் மூன்று வாரம் ஊருக்குப் போய் வந்தேன். புதிதாக எடுக்க வேண்டுமா?

வேண்டாம். ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது நீங்கள் இப்போது வசிக்கும் நாட்டுக்கான விதி. முன்பு வாழ்ந்த நாடு என்றால், தொடர்ச்சியாக ஆறு மாதமோ அதற்கு மேலோ கடைசியாக அங்கே இருந்ததற்குப் பிறகு எடுத்திருந்தால் போதும். மூன்று வாரம் அந்தக் கணக்கில் வராது. கனடாவில் வாழ்ந்த காலத்துக்கு நீங்கள் சான்றிதழ் எடுக்கத் தேவையே இல்லை.

கேள்வி: பிரிட்டனில் இருந்தபோது கடையில் ஒரு சின்னப் பிரச்சினை, போலீஸ் எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். இப்போது ஏக்ரோ (பிரிட்டனில் போலீஸ் சான்றிதழ் தரும் அலுவலகம்) சான்றிதழில் 'நோ லைவ் டிரேஸ்' என்று வந்திருக்கிறது. நண்பர் 'நோ டிரேஸ்' என்று வாங்கினார். இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றில்லை தம்பி. அந்த நடுவில் இருக்கும் ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 'நோ டிரேஸ்' என்றால் பதிவே இல்லை. 'நோ லைவ் டிரேஸ்' என்றால் ஏதோ ஒரு பதிவு இருந்தது, அது பழையதாகவோ சிறியதாகவோ இருப்பதால் சான்றிதழில் விவரம் போடவில்லை. கனடா அதிகாரிக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். உங்களைப் பற்றி போலீஸ் கணினியில் என்ன இருக்கிறது என்ற முழு விவரத்தை ஏக்ரோ மூலமாகவே கேட்டு வாங்கலாம். அதையும், நடந்தது என்ன என்று ஒரு பக்கத்துக்கு மிகாத விளக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். படிவத்தில் கைது, குற்றச்சாட்டு பற்றிக் கேட்கும் இடங்களிலும் பதில் இதோடு ஒத்துப்போக வேண்டும். அந்த எச்சரிக்கை உங்களைத் தடுக்காமல் போகலாம். ஆனால் மறைத்தால் 40ஆம் பிரிவின்படி தவறான தகவல் என்று ஆகி, ஐந்து வருடத் தடை வரும்.

கேள்வி: என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. அமெரிக்க விசாவில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியவில்லை) என்று போட்டிருந்தார்கள். பட்டச் சான்றிதழில் இனிஷியல், பிசிசியில் அப்பா பெயர் முழுதாக. இதனால்தான் தாமதமா?

இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் இதுவும் காரணமாக இருக்கலாம். ஒரே ஆளா என்று உறுதிப்படுத்த முடியாத இடத்தில் சரிபார்ப்பு நின்றுவிடும். உங்கள் பெயர் எத்தனை விதமாக எங்கெங்கே எழுதப்பட்டிருக்கிறதோ அத்தனையையும் 'வேறு பெயர்கள்' பகுதியில் போடுங்கள், எஃப்என்யு உட்பட. எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரமும் சேருங்கள். விண்ணப்பம் போன பிறகு கவனித்திருந்தால் வெப்ஃபார்மில் அனுப்பலாம்.

கேள்வி: அக்கா, நான் யாழ்ப்பாணம். சண்டைக் காலத்திலை சுற்றிவளைப்பிலை பிடிச்சு பதினொரு நாள் வைச்சிருந்தவை. வழக்கு ஒண்டும் போடேல்லை. கொழும்பிலை எடுத்த போலீஸ் ரிப்போர்ட் சுத்தமா வந்திட்டுது. படிவத்திலை தடுத்து வைக்கப்பட்டிருக்கிறீங்களா எண்டு கேக்கினம். "இல்லை" எண்டு போடச் சொல்லி எல்லாரும் சொல்லினம்.

தம்பி, "இல்லை" என்று போடாதீர்கள். கேள்வி தண்டனையைப் பற்றியது மட்டும் இல்லை, தடுத்து வைக்கப்பட்டதையும் கேட்கிறது. வழக்கு இல்லாததால் போலீஸ் சான்றிதழில் அது வரவில்லை. ஆனால் நீங்களோ உங்கள் உறவினரோ முன்பு எங்காவது அகதிக் கோரிக்கையில் அந்தப் பதினொரு நாளைச் சொல்லியிருந்தால், இரண்டும் ஒரு நாள் ஒரே மேசைக்கு வரும்.

பிடிபட்ட ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை அப்படித்தான் அள்ளிக்கொண்டு போனார்கள். அதே நேரம் ஒன்றையும் மனதில் வையுங்கள்: விடுதலைப் புலிகள் அமைப்பை கனடா 2006இல் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. 34ஆம் பிரிவு வைத்துக் கேள்வி வரக்கூடிய கோப்பு உங்களுடையது. எந்த முகாம், எந்த மாதம், யார் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள், வழக்கு இல்லை என்பதற்கு என்ன இருக்கிறது என்று எழுதி வையுங்கள். அதை அனுப்புவதற்கு முன் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். மற்ற எதற்குச் செலவு செய்யாவிட்டாலும் இதற்குச் செய்யுங்கள். அந்த நாட்களைத் திரும்ப எழுதுவது லேசான வேலை இல்லை. ஒரே இருப்பில் எழுத வேண்டாம், தனியாகவும் எழுத வேண்டாம்.

கேள்வி: 2020இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்கு அபராதம் கட்டினேன். அந்த நாட்டில் இது சின்னக் குற்றம்.

கனடாவில் இது பெரிய குற்றம். 2018 டிசம்பர் 18 முதல் இதற்கான அதிகபட்சத் தண்டனை பத்து வருடம் ஆக்கப்பட்டது. அதனால் 36ஆம் பிரிவில் கடுமையான குற்றம் என்ற பகுதிக்குள் வரும். பத்து வருடம் போனால் தானாகச் சரியாகிவிடும் என்ற வழியும் இதற்கு இல்லை. தண்டனை முழுதாக முடிந்து ஐந்து வருடம் ஆன பிறகு, பழைய குற்றத்தைத் தடையாக எடுக்க வேண்டாம் என்று கேட்கும் மறுவாழ்வு விண்ணப்பம் போட வேண்டும். ஓட்டுநர் தடை இருந்திருந்தால் அது முடிந்த நாளிலிருந்து எண்ணுங்கள்.

கேள்வி: காத்திருக்கும்போது கல்யாணம் செய்யலாமா? வேலை மாறலாமா? ஊருக்குப் போகலாமா?

எல்லாம் செய்யலாம், ஆனால் உடனே ஐஆர்சிசிக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு நாட்டில் ஆறு மாதம் தங்கினால் அங்கிருந்தும் போலீஸ் சான்றிதழ் கேட்கலாம். மெடிக்கல் பன்னிரண்டு மாதத்துக்குத்தான், காலம் கடந்தால் அவர்களே சொல்வார்கள்.

கல்யாணத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கோப்பு இன்னும் தாமதமாகிவிடும் என்று பயந்து மனைவியைச் சொல்லாமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பிஆர் ஆகும்போது அறிவிக்காத, பரிசோதிக்கப்படாத துணையையோ பிள்ளையையோ பிறகு ஸ்பான்சர் செய்ய விதி 117(9)(டி) தடையாக நிற்கும். தாமதம் சில மாதம். அந்தத் தடையோ குடும்பத்தையே பிரித்துவிடும்.

கேள்வி: ஜிசிஎம்எஸ் நோட்ஸ் (ஐஆர்சிசி கணினியில் நம் கோப்பைப் பற்றி இருக்கும் குறிப்புகள்) எடுப்பதால் பயன் உண்டா?

உண்டு, எங்கே நிற்கிறது என்று தெரியும். தகுதி, குற்றப் பின்னணி, பாதுகாப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக எந்த நிலையில் இருக்கிறது என்று அதில் பார்க்கலாம். தகவல் அணுகல் சட்டத்தில் கேட்டால் ஐந்து டாலர். 2022 ஜூலை முதல் கனடாவுக்கு வெளியே இருப்பவர்களும் தனியுரிமைச் சட்டத்தின் கீழ் தங்கள் தகவலை நேரடியாகக் கேட்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. சட்டப்படி முப்பது நாள், நடைமுறையில் அதைத் தாண்டலாம். மாதாமாதம் எடுக்காதீர்கள். ஆறு மாத இலக்கு கடந்ததும் ஒன்று, பிறகு தேவைப்பட்டால் ஒன்று, அவ்வளவு போதும். பாதுகாப்புப் பக்கத்தில் கறுப்பு மை பூசி வந்தால் பதறாதீர்கள், பலருக்கும் அப்படித்தான் வருகிறது.

கேள்வி: இரண்டரை வருடம். எம்பி அலுவலகம், வெப்ஃபார்ம் எல்லாம் முடிந்தது. "பாதுகாப்புச் சோதனை நிலுவையில்" என்ற ஒரே வரி. இனி என்ன?

இனி மேன்டமஸ். ஃபெடரல் கோர்ட்டில் போடும் மனு. "அனுமதி கொடு" என்று நீதிமன்றம் சொல்லாது, "முடிவெடு" என்று சொல்லும். கொனீல் என்ற பழைய வழக்கில் நீதிமன்றம் மூன்று விஷயங்களைப் பார்த்தது: அந்த வேலைக்கு இயல்பாகத் தேவைப்படுவதைவிட அதிகக் காலம் ஆகியிருக்கிறதா, தாமதத்துக்கு விண்ணப்பதாரர் காரணம் இல்லையா, அரசு திருப்தியான காரணம் சொல்லியிருக்கிறதா. இன்றும் இந்த அளவுகோலைத்தான் பார்க்கிறார்கள். "சோதனை நடக்கிறது" என்ற வெறும் வரி மட்டும் காரணமாகாது என்று தீர்ப்புகள் இருக்கின்றன.

இரண்டாவது அளவுகோலை முதலில் உங்கள் பக்கம் சரிபாருங்கள். அவர்கள் கேட்ட ஒவ்வொரு ஆவணத்தையும் எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். அதை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போனால் அவர் முதலில் கெடு வைத்து ஒரு கடிதம் அனுப்புவார். வழக்குப் போட்டால் பழிவாங்கிவிடுவார்கள் என்று பயந்து நாங்களும் எட்டு மாதம் தள்ளிப் போட்டோம். அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

கேள்வி: உள்ளே ஆள் இருக்கிறது, பணம் கொடுத்தால் செக்கை முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார்.

கொடுக்காதீர்கள். ஒரு ஏஜென்டும் சிஎஸ்ஐஎஸ் மேசையில் இருக்கும் கோப்பைத் தொட முடியாது. பணம் வாங்கி ஆலோசனை சொல்கிறவர் வழக்கறிஞராகவோ குடிவரவு ஆலோசகர் கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பில் உரிமம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். அந்தக் கல்லூரியின் பதிவேடு எல்லோரும் பார்க்கும்படி திறந்திருக்கிறது, பெயரைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: விண்ணப்பிக்கும்போது மகனுக்கு 21. இந்த செக் முடிவதற்குள் 22 ஆகிவிடும். அவனை விட்டுவிட்டுத்தான் போக வேண்டுமா?

இல்லை அம்மா. முழுமையான விண்ணப்பம் ஐஆர்சிசிக்குப் போய்ச் சேர்ந்த நாளில் அவன் வயது என்னவோ அதுவே கணக்கு. சோதனை எத்தனை வருடம் இழுத்தாலும் அந்த வயது அப்படியே நிற்கும். அவனுக்கும் போலீஸ் சான்றிதழ் தேவை, 18 வயது முதல் எல்லோருக்கும் தேவை. ஒன்றே ஒன்று, நீங்கள் வந்து இறங்கும் வரை அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது.