அமெரிக்கா தன் நிறுவனர்கள் சொன்ன சுதந்திரத்தை எட்டிவிட்டதா?

பாதி எட்டியிருக்கிறது, அதுவும் ரொம்பத் தாமதமாக. அவர்கள் சொன்ன சுதந்திரம் என்பது யாரும் கொடுக்கத் தேவையில்லாமல் எல்லோருக்கும் பிறப்பிலேயே இருக்கும் உரிமை. 1776 சுதந்திரப் பிரகடனம் அப்படித்தான் சொல்கிறது. அதை எழுதிய ஜெஃபர்சனோ நூற்றுக்கணக்கானோரை அடிமைகளாக வைத்திருந்தார்!

சிக்கல் என்னவென்றால் பிரகடனம் சட்டம் இல்லை, 1787-இல் எழுதிய அரசியலமைப்புதான் சட்டம், அதில் பிரதிநிதிகள் எண்ணிக்கையைக் கணக்கிட அடிமை ஒருவரை ஐந்தில் மூன்று பங்காகத்தான் எண்ணினார்கள். வீட்டு விளம்பரத்தில் ஒன்று, பத்திரத்தில் வேறொன்று என்கிற மாதிரி. பத்திரத்தைத் திருத்தத்தான் இத்தனை காலம்: பெண்களுக்கு வாக்குரிமை 1920-இல், தெற்கில் கறுப்பின மக்கள் நிஜமாகவே வாக்களிக்க வழிசெய்த சட்டம் 1965-இல்.

அப்புறம், லிங்கனின் 1863 அறிவிப்போடு அடிமைமுறை ஒழிந்தது என்று பலர் நினைக்கிறார்கள்; அது உள்நாட்டுப் போரில் அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்த தென்பகுதிகளுக்கு மட்டும்தான், நாடு முழுக்க ஒழித்தது 1865-இல் வந்த அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம், அதுவும் குற்றத்துக்குத் தண்டனையாக என்றால் விதிவிலக்கு உண்டு.