அக்காள் மகனின் பெயர் இல்லாத புகார்

கேள்வி: கும்பகோணத்தில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். வீட்டுக் கடன் கேட்டுப் போன இடத்தில், என் பெயரில் இரண்டு செயலிக் கடன்கள் நிலுவையில் இருப்பதாக கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் சிபில் நிறுவனத்தின் அறிக்கையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டும் 14 மாதங்களுக்கு முன் எடுக்கப்பட்டவை. ஒன்று 60,000 ரூபாய். அந்தப் பணம் எனக்குத் தெரியாத யாரோ ஒருவரின் கணக்குக்குப் போயிருக்கிறது. மற்றொன்று 1,20,000 ரூபாய். அது என் சேமிப்புக் கணக்கில் விழுந்து, அன்றைக்கே யு.பி.ஐ. மூலம் என் அக்காள் மகனுக்குப் போயிருக்கிறது. அப்போது அவன் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தான். என் கைபேசியும் ஆதார், பான் நகல்களும் அவன் கையில்தான் புழங்கின. வசூல் ஆட்கள் பள்ளிக்கே வந்து அவமானப்படுத்தியதால், முதல் கடனுக்கு இரண்டு தவணைகள் கட்டிவிட்டேன். குடும்ப மானம் கருதி, ‘அடையாளம் தெரியாத நபர்’ என்று எழுதி சைபர் கிரைமில் புகார் கொடுக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். கொடுக்கலாமா? மன உளைச்சலுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி, அக்காள் குடும்பத்துக்கு நீங்கள் செய்த உதவிகளையும் அதற்கு அவர்கள் காட்டிய நன்றியையும் பற்றியது. அதில் எதுவும் வழக்குக்கு உதவாது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன்தாரரை அழைக்கக் கூடாது, பிறர் முன்னிலையில் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பது உண்மைதான்; அதைத் தனிப் புகாராகக் கொடுங்கள். ஆனால் அவர்கள் முறைதவறி நடந்துகொண்டதற்காகக் கடனில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. 10 லட்சத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

சட்டத்தின் முன் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: கடன் தொகை யாருடைய கணக்கில் வரவு வைக்கப்பட்டது? அதற்கு உங்கள் கடிதத்திலேயே இரண்டு வெவ்வேறு விடைகள் இருக்கின்றன. எனவே உங்களிடம் இருப்பவை இரண்டு வெவ்வேறு வழக்குகள். இரண்டையும் ‘மோசடி’ என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் பலமானதும் சேர்ந்து மூழ்கும்.

முதல் கடன் உங்களுக்குச் சாதகமானது. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, குறிப்பிட்ட சில விலக்குகள் தவிர, கடன் தொகை கடன் வாங்குபவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். உங்கள் பான் எண்ணில் கடன் கொடுத்துவிட்டு வேறொருவரின் கணக்குக்குப் பணம் அனுப்பிய நிறுவனம், அது எப்படி நடந்தது என்று விளக்கியாக வேண்டும். கடன் ஒப்பந்தம், கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) ஆவணங்கள், பணம் போன கணக்கின் விவரம், விண்ணப்பம் எந்தக் கருவியிலிருந்து வந்தது என்ற பதிவு ஆகிய நான்கையும் எழுத்தில் கேளுங்கள். முப்பது நாட்களில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியாக இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். சிபிலில் தகராறு பதிவு செய்வதும் தேவைதான். ஆனால் கடன் கொடுத்த நிறுவனம் ஒப்புக்கொள்ளாமல் சிபில் தானாக எதையும் அழிக்காது என்பதால், அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இந்த நல்ல வழக்கைக் கெடுத்திருப்பது நீங்கள் கட்டிய இரண்டு தவணைகள். ‘கடன் என்னுடையது இல்லை என்றால் ஏன் கட்டினார்?’ என்பது எதிர்த்தரப்பின் முதல் கேள்வியாக இருக்கும். போதாக்குறைக்கு, 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 18, 19-ஆவது பிரிவுகளைக் காட்டி, கடனை நீங்களே ஒப்புக்கொண்டீர்கள், வழக்குத் தொடரும் மூன்று ஆண்டுக் காலம் நீங்கள் கட்டிய தேதியிலிருந்துதான் தொடங்குகிறது என்று வாதிடவும் அவர்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பள்ளியில் நடந்த தொந்தரவை நிறுத்துவதற்காக மட்டுமே கட்டியதாகவும், கடனை ஒருபோதும் ஏற்கவில்லை என்றும் இந்த வாரமே பதிவுத் தபாலில் எழுதுங்கள். மூன்றாவது தவணை கட்ட வேண்டாம்.

இரண்டாவது கடனில் உங்களுக்குத் தற்காப்பு கிடையாது என்றே சொல்வேன். பணம் உங்கள் கணக்கில் வந்திருக்கிறது, ஓ.டி.பி. உங்கள் எண்ணுக்கு வந்திருக்கிறது, வரவும் பற்றும் வங்கி அறிக்கையில் இருக்கின்றன, நீங்கள் 14 மாதங்கள் வாய் திறக்கவில்லை. அங்கீகாரமற்ற மின்னணுப் பரிமாற்றங்கள் குறித்து 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை வாடிக்கையாளருக்குச் சாதகமானது என்று எல்லோரும் சொல்வார்கள். மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால்தான் முழுப் பாதுகாப்பு என்பதையும், ரகசிய எண்ணைத் தானே பகிர்ந்த வாடிக்கையாளர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நட்டத்தைத் தானே சுமக்க வேண்டும் என்பதையும் சொல்ல மாட்டார்கள். பூட்டு எண்ணோடு கைபேசியைக் கையில் கொடுத்தவரை வேறு வகையில் பார்க்க நீதிமன்றத்துக்குக் காரணம் இருக்காது. அவன் உங்களை ஏமாற்றினான் என்பது உங்களுக்கும் அவனுக்கும் இடையிலான விவகாரம். நிதி நிறுவனத்தைப் பொறுத்தவரை கடன்தாரர் நீங்கள்தான். எனவே இதைச் சமரசம் செய்துகொள்ளுங்கள். அசலை ஒட்டிய தொகைக்குப் பேசுங்கள். ஆனால் ஒப்புதல் கடிதத்தில் ‘செட்டில்டு’ (குறைத்துக் கட்டி முடித்தது) என்று எழுத விடாதீர்கள். அந்தச் சொல் சிபிலில் ஏறினால் வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கி மறுபடியும் முகம் சுளிக்கும். கணக்கு ‘குளோஸ்டு’ (முழுதாகக் கட்டி முடிந்தது) என்று பதிவாகும் என்ற உறுதியும் நிலுவையின்மைச் சான்றும் தரச் சம்மதித்து எழுதிக் கொடுத்த பிறகே பணம் கட்டுங்கள். முழு வட்டியையும் கட்டினால்தான் ‘குளோஸ்டு’ போடுவோம் என்று சொன்னால், உங்களுக்கு வீடு வேண்டுமென்றால், கட்டிவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்ட புகார் விஷயம். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். 2024-இல் இணையக் குற்றங்களால் மக்கள் இழந்த தொகை 22,800 கோடி ரூபாய்க்கு மேல் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டின் தொகை 7,465 கோடி. இந்த வெள்ளத்தில் நம்முடைய புகாரும் ஒன்றாகக் கலந்துவிடும், யாரும் தோண்டிப் பார்க்க மாட்டார்கள், புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கிடைத்தால் அதை நிதி நிறுவனத்திடம் காட்டித் தப்பிக்கலாம் என்று உறவினர்கள் கணக்குப் போடுகிறார்கள். இப்படிப் போய் மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். நிதி நிறுவனம் தன்னிடமுள்ள பதிவை எடுத்துக் காட்டும்: விண்ணப்பம் உங்கள் கைபேசியிலிருந்து, உங்கள் வீட்டு இணைய இணைப்பில், உங்கள் எண்ணுக்கு வந்த ஓ.டி.பி.யோடு போயிருக்கிறது. காவல் துறை பணம் போன கணக்கைத் தொடர்ந்து போனால், அது உங்கள் அக்காள் மகனின் நண்பனிடமோ அவனிடமோ போய் நிற்கும். அடுத்து விசாரணை அதிகாரி உங்கள் வங்கி அறிக்கையைப் பிரிப்பார். 1,20,000 ரூபாய் யாருக்குப் போனது என்று அதில் பெயரோடு இருக்கும். அந்த நிமிடத்தில் நீங்கள் பாதிக்கப்பட்டவராக இருக்க மாட்டீர்கள். தெரிந்தே குற்றவாளியை மறைத்தவராக, ஒருவேளை கூட்டாளியாகவே பார்க்கப்படுவீர்கள். அரசு ஊழியரிடம் பொய்த் தகவல் கொடுப்பது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 217-ஆவது பிரிவில் தனிக் குற்றம். பலமாக இருந்த முதல் கடனின் வழக்கும் அத்தோடு போய்விடும்.

பெயரை எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி (அடையாளத் திருட்டு), 66டி (கணினி வழி ஆள்மாறாட்ட மோசடி) பிரிவுகளில் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நியாய சன்ஹிதாவின் ஏமாற்றுதல், ஆள்மாறாட்டப் பிரிவுகளும் சேரும். போலி ஆவணம் என்று ஒரு பிரிவு கூடிவிட்டால், பிறகு அக்காள் வந்து அழுதாலும் நீங்கள் மனமிறங்கினாலும் கீழமை நீதிமன்றத்தில் சமரசமாக முடிக்க முடியாது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய், முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யக் கேட்க வேண்டும். எனவே இரண்டே வழிகள்: உண்மையை முழுதாக எழுதுங்கள், அல்லது புகாரே கொடுக்காமல் இரண்டு கடன்களையும் பேசி முடியுங்கள். முதல் கடனை மறுக்க நிறுவனம் காவல் துறைப் புகார் நகலைக் கேட்டு, அவன் பெயரை எழுத உங்களுக்கு மனம் வராவிட்டால், அந்த 60,000-ஐயும் அவன் தகப்பனாரிடம் வாங்கிக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. இணைய மோசடிக்கான 1930 உதவி எண்ணை இப்போது அழைத்துப் பயனில்லை. பணம் கைமாறிய சில மணி நேரத்துக்குள் அதை முடக்கத்தான் அந்த எண்.

குடும்பத்துக்குள் பேசி முடிப்பதாக இருந்தாலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘பணத்தைத் திருப்பித் தந்தால் போலீஸில் புகார் கொடுக்க மாட்டேன்’ என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது நம் ஊரில் சகஜம். குற்ற நடவடிக்கையை விலை பேசும் அந்த ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி செல்லாது; நாளைக்கு அவர்கள் பகையாகிவிட்டால், மிரட்டிப் பணம் பறித்தீர்கள் என்பதற்கு அதே தாளைத்தான் காட்டுவார்கள். காவல் நிலையம் என்ற சொல்லே இல்லாமல், இன்ன தேதியில் யு.பி.ஐ. மூலம் பெற்ற தொகையைத் திருப்பித் தருகிறேன் என்று மட்டும், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய புரோநோட்டாக, அவனோடு அவன் தகப்பனாரையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். பணத்தை ரொக்கமாக வாங்காதீர்கள்.

கடைசியாக, தபாலிலோ மின்னஞ்சலிலோ வாட்ஸப்பிலோ ஆர்பிட்ரேஷன் (நடுவர் விசாரணை) நோட்டீஸ் வந்தால், ‘என் கடன் இல்லையே’ என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் போகாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பாகும். அதை எதிர்க்கச் சட்டம் தருவது மூன்று மாதமும், காரணம் சொன்னால் மேலும் முப்பது நாட்களும்தான். பிறகு அது நீதிமன்ற டிக்ரி போலவே நிறைவேற்றப்படும். விவகாரம் ஆர்பிட்ரேட்டர் முன் போய்விட்டால் குறைதீர்ப்பாளர் உங்கள் மனுவைக் கையில் எடுக்க மாட்டார் என்பதால், முதல் கடனுக்கான கடிதத்தைத் தள்ளிப்போட வேண்டாம். அந்தப் பழைய கைபேசியை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவும் வேண்டாம், அதிலுள்ள குறுஞ்செய்திகளை அழிக்கவும் வேண்டாம். வழக்கு என்று வந்தால் மின்னணுப் பதிவுகளுக்குத் தேவையான, 2023-ஆம் ஆண்டுப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழோடு அவற்றைத்தான் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.