ஒரு பாட்டுகூடக் கேட்காமல் பழைய ராக் பேண்ட் டிஷர்ட் போடலாமா? அந்தப் படங்களுக்குப் பின்னால் கதை ஏதாவது உண்டா? பழைய டிஷர்ட் ஒன்றுக்கு 20,000 ரூபாய் சொல்கிறார்களே, அது நிஜமா?

போடலாம். தாராளமாகப் போடுங்கள்.

நீங்கள் கல்லூரியில் இருப்பீர்கள், இல்லை வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் டிஷர்ட்டைப் பார்த்து யாரோ நாலு பேர் முன்னால் "எங்க, அவங்க பாட்டு மூணு சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டிருப்பார்கள். அப்படிக் கேட்கிறவர்களைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும். நான் திருப்பூர்க்காரன். பனியன் கம்பெனிகளுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் ஜாப் ஒர்க் செய்யும் பட்டறையில் வளர்ந்து, அதே தொழிலில் இருப்பவன். எங்கள் கையில் அச்சாகி, தைத்து, செக்கிங் முடிந்து, மடித்துப் பெட்டியில் போன பேண்ட் டிஷர்ட்டுகள் எத்தனையோ. அதில் வேலை செய்த பெரும்பாலானவர்கள் அந்தப் பாட்டுகளை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவர்களுக்கும் அந்த டிஷர்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று யாராவது என் முன்னால் சொல்லட்டும்.

கதை உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஐரோப்பாவுக்குப் போகிற ஆர்டர் ஒன்று, இங்கிலாந்து ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் அந்தச் சிவப்பு உதடும் நாக்கும். கறுப்புத் துணி. கறுப்பில் சிவப்பு மையை நேரடியாக இழுத்தால் மங்கிப் பழுப்படித்துவிடும். முதலில் வெள்ளை இழுத்து, காயவிட்டு, அதன்மேல் சிவப்பு இழுக்க வேண்டும். இரண்டு நிறமும் பொருந்த வேண்டிய மார்க் ஒரு நூல் விலகினாலும் உதட்டோரத்தில் வெள்ளை எட்டிப் பார்க்கும். அப்படித் தப்பாகிப்போன பீஸ்களைப் பட்டறையில் எறிய மாட்டோம். ஸ்கிரீன் துடைக்க, மேசையில் ஒட்டிய பசையைத் துடைக்க அதுதான் வேஸ்ட் துணி.

பீஸ் எடுத்துக் காயப்போடும் அக்கா ஒருவர் இருந்தார், தாராபுரம் பக்கத்துக்காரர். அந்தத் துணியை நீட்டியதும் கையை இழுத்துக்கொண்டார்.

"இதுல நான் தொடைக்க மாட்டேனுங்க. காளியாத்தா நாக்காட்ட இருக்குது."

மாஸ்டர் சத்தம் போட்டார். "அது வெள்ளைக்காரப் பாட்டுக்காரனோட வாயிக்கா. சாமியுமில்ல பூதமுமில்ல."

"வெள்ளைக்காரன் எதுக்குங்க நாக்க இப்படித் தொங்கப்போடறான்? ஆத்தாதான் இப்படி நீட்டுவா."

நான் எதிர்ப்பக்கம் ஸ்கிரீனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மாஸ்டர் சொல்லிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். அக்கா அசையவில்லை. தப்பாகிப்போன நாக்குகளை எல்லாம் அடுக்கி ஓரமாக வைத்துவிட்டு, வேறொரு ஆர்டரின் பூப்போட்ட பீஸ்களால் ஸ்கிரீனைத் துடைத்தார். மற்ற பெண்களும் அப்படியே செய்தார்கள். அந்த ஆர்டர் முடிகிற வரைக்கும் ஒரு நாக்கிலும் அழுக்கு மை படவில்லை.

பல வருடம் கழித்துத்தான் அந்தப் படத்தை வரைந்தவர் சொன்ன விவரத்தைப் படித்தேன். பெயர் ஜான் பாஷ். 1970-இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் மாணவர். ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் அவரை அழைத்து ஒரு படத்தைக் காட்டியிருக்கிறார். நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் காளி! அதிலிருந்துதான் இந்த நாக்கு பிறந்தது. 1971-இல் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' இசைத்தட்டில் முதலில் வந்தது. அந்த இசைத்தட்டின் உறைக்கு யோசனை சொன்னவர் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் என்பதால் நாக்கையும் அவரே வரைந்தார் என்று இன்றைக்கும் பலர் எழுதுகிறார்கள். அது தவறு.

அக்காவைத் தேடிப்போய்ச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "அதத்தான நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார். பிறகு, "வரைஞ்ச தம்பிக்கு என்ன குடுத்தாங்க?" என்று கேட்டார்.

50 பவுண்டு. அன்றைய மதிப்பில் 900 ரூபாய். இரண்டு வருடம் கழித்து இன்னும் 200 பவுண்டு. பிறகு கொஞ்சம் ராயல்டி வந்தது. 1980-களில் உரிமையை இசைக்குழுவுக்கே 26,000 பவுண்டுக்கு விற்றுவிட்டார். 2008-இல் அவர் வரைந்த மூலப் படத்தை லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் 92,500 டாலருக்கு ஏலத்தில் வாங்கியது. அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, "ஊரு உலகமெல்லாம் போட்டுட்டுத் திரியறாங்க, மொதல்ல குடுத்தது அவ்வளவுதானா?" என்றார்.

இதைப் படித்ததும் சிலர் சண்டைக்கு வருவார்கள், தெரியும். நம் சாமியைத் திருடிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. காளியின் நாக்கு ஒரு தூண்டுதல், அதோடு ஜாகரின் வாயும், யாருக்கும் அடங்காத அந்தக் குழுவின் போக்கும் சேர்ந்தது என்று பாஷே சொல்லியிருக்கிறார். திருப்பூர் என்றாலே போலி என்று எழுத வருகிறவர்களுக்கும் சொல்கிறேன்: நாங்கள் அடித்தது லைசென்ஸ் உள்ள ஆர்டர். மீதிப் பீஸ் வெளியே போகக் கூடாது என்று ஆர்டர் பேப்பரிலேயே இருந்தது, போகவும் இல்லை.

அக்கா கேட்ட கேள்வி என்னைச் சும்மா விடவில்லை, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஜாப் ஒர்க் பில் 30 நாளில் வரும் என்பார்கள். 90 நாள் ஆகும். அதற்குள் மை வாங்கிய கடைக்குப் பணம் கட்ட வேண்டும், சனிக்கிழமை சம்பளம் போட்டாக வேண்டும், கரண்ட் பில் கட்ட வேண்டும். கடைசியில் ஷேடு, அதாவது நிறத்தின் அளவு, சரியில்லை என்று ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு செக் கொடுப்பார்கள். அந்த ஷேடை ஓகே செய்து கையெழுத்துப் போட்டதும் அவர்களேதான். சின்னப் பட்டறைக்காரன் எங்கே போய் முறையிடுவான்?

சரி, மற்ற கதைகள். அமெரிக்க ராக் குழுவான ராமோன்ஸின் டிஷர்ட்டில் இருக்கும் கழுகு அமெரிக்க ஜனாதிபதியின் முத்திரையிலிருந்து வந்தது. மெக்சிகோவில் பிறந்த ஆர்ட்டூரோ வேகா என்ற அந்தக் குழுவின் நண்பர், ஆலிவ் கிளை இருந்த இடத்தில் ஆப்பிள் கிளையும் அம்புகள் இருந்த இடத்தில் பேஸ்பால் மட்டையும் வைத்தார். கச்சேரி நடக்கும் இடங்களில் டிஷர்ட் விற்றவரும் அவர்தான். இங்கிலாந்துக் குழுவான ஜாய் டிவிஷனின் டிஷர்ட்டில் மலைமலையாகத் தெரியும் வெள்ளைக் கோடுகள், வானியலாளர் ஜோசலின் பெல் 1967-இல் கண்டுபிடித்த பல்சார் விண்மீனின் ரேடியோ துடிப்புகள். ஹெரால்ட் கிராஃப்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் 1970-இல் தன் ஆய்வேட்டுக்காகப் போட்ட வரைபடம் அது. 1979-இல் அது ஜாய் டிவிஷனின் இசைத்தட்டு உறையில் ஏறியது அவருக்குத் தெரியாது. பிறகு யாரோ சொல்லி, கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது லிதுவேனியா கதை. சோவியத்திலிருந்து பிரிந்த புதிது, கூடைப்பந்து அணியிடம் ஒலிம்பிக்குக்குப் போகப் பணமில்லை. கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு பண உதவி செய்தது. நாட்டின் கொடி நிறங்களில் முடிச்சுச் சாயம் போட்டு, பந்து போடும் எலும்புக்கூடு அச்சடித்த டிஷர்ட்டுகளும் வந்தன. 1992 பார்சிலோனாவில் முன்னாள் சோவியத் அணியையே 82-78 என்று வென்று வெண்கலம் வாங்கினார்கள். அந்தச் சாய டிஷர்ட்டோடுதான் மேடை ஏறினார்கள். முடிச்சுச் சாயம் போட்டவன் எவனுக்கும் அந்தப் புகைப்படத்தைப் பார்த்தால் நெஞ்சு நிமிரும்.

பழைய டிஷர்ட் ஒன்றுக்கு 20,000 ரூபாய் சொல்கிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த விலைகள் பொய்யில்லை. 1967-ஆம் வருடத்து கிரேட்ஃபுல் டெட் டிஷர்ட் ஒன்று 2021-இல் சோதபீஸ் ஏலத்தில் 17,640 டாலருக்குப் போனது. ஆனால் பணம் கொடுக்குமுன் கை மடிப்பையும் அடி மடிப்பையும் பாருங்கள். 1990-களின் நடுப்பகுதி வரை வந்த அமெரிக்க டிஷர்ட்டுகளில் பெரும்பாலும் ஒற்றைத் தையல்தான் ஓடும். இரட்டைக் கோடு ஓடினால் அது நாங்கள் பேட்லாக் என்று சொல்லும் இரட்டைத் தையல். அதை 1980-ஆம் வருடத்து டிஷர்ட் என்று சொல்லி விற்றால் சந்தேகப்படுங்கள். ஒற்றைத் தையல் இருந்தாலும் உடனே நம்ப வேண்டாம், இப்போது அதையும் போட்டுத் தருகிறார்கள். அச்சில் விரிசல் எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். போட்டுத் துவைத்து வந்த விரிசல் மடிப்பு விழும் இடத்தில் அதிகமாகவும் மற்ற இடத்தில் குறைவாகவும் இருக்கும். கிராக் பேஸ்ட் கலந்து நாங்களே புதுத் துணியில் விரிசல் அச்சு அடித்துக் கொடுக்கிறோம், வாங்குகிறவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். அது படம் முழுக்க ஒரே மாதிரி வெடித்திருக்கும். அச்சையும் மடிப்பையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் வாங்காதீர்கள்.