விளையாட்டு மைதானத்துக்கு மானியம் கேட்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பொது மைதானத்தில் மின்விளக்குகள் அமைக்க மானியம் கேட்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் நிலத்தைப் பாருங்கள். அது உங்கள் விளையாட்டு மன்றத்தின் பெயரில் இல்லையென்றால், உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் விண்ணப்பம் பெரும்பாலும் நகராது. நீண்டகாலக் குத்தகை கையில் இருந்தால் இன்னும் நல்லது.

தேவையை விளக்கும் பகுதிக்குத்தான் அதிக உழைப்பு வேண்டும். "விளக்குகள் பழுதாகிவிட்டன" என்று மட்டும் எழுதினால் பரிசீலிப்பவர் மனதில் எதுவும் நிற்காது. இருட்டிய பிறகு பயிற்சி நின்றுவிடுகிறது, வேலைக்குப் போகும் பெண்களால் அணியில் சேர முடியவில்லை என்று எழுதி, வருகைப் பதிவேட்டின் நகலை இணையுங்கள். மைதானத்தைப் பயன்படுத்தும் பள்ளி, முதியோர் நடைக்குழு ஆகியோரின் ஆதரவுக் கடிதங்களுக்கும் நல்ல மதிப்புண்டு.

பல மானியத் திட்டங்கள் முழுச் செலவையும் தருவதில்லை. மன்றமும் ஒரு பங்கு போட வேண்டும். சிலவற்றில் உறுப்பினர்களின் உடலுழைப்பையும் பங்காகக் கணக்கிடுவார்கள். விதிமுறைகளை வரிவிடாமல் படியுங்கள்.

மானிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். முன்னரே செய்த செலவைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள். மின்கட்டணத்தையும் பராமரிப்புச் செலவையும் ஆண்டுதோறும் யார் ஏற்பார்கள் என்பதையும் விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.