ஈடிபஸ் நாடகம் ஏன் கதையின் கடைசியில் தொடங்குகிறது?

பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் 'ஈடிபஸ் மன்னன்' ஏன் கதை முடியப்போகும் இடத்தில் தொடங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஈடிபஸ் யாரென்று தெரியாமலே தந்தையைக் கொன்றது, தாயை மணந்தது எல்லாம் நாடகத்துக்கு முன்பே முடிந்துபோன சங்கதி. மேடையில் மிச்சம் அந்தக் கொலையைப் பற்றிய விசாரணை மட்டும்தான், அதை நடத்துபவனே குற்றவாளி. விதிக்குத் தப்ப முடியாது என்று யாரும் வசனம் பேச வேண்டியதில்லை, அவன் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் அவனிடமே வந்து நிற்கிறது. ஈடிபஸ் வளர்ந்த கொரிந்து நகரத்திலிருந்து தூதன் வரும் காட்சியைப் பாருங்கள்: தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்ற அருள்வாக்கை நினைத்துப் பயப்படும் ஈடிபஸிடம், பயப்படாதே, கொரிந்தில் உன்னை வளர்த்தவர்கள் உன்னைப் பெற்றவர்களே இல்லை என்று ஆறுதலாகச் சொல்கிறான், அந்த ஆறுதல்தான் ஈடிபஸைக் கவிழ்க்கிறது. அரிஸ்டாட்டிலே இதை எடுத்துக்காட்டியிருக்கிறார். அப்புறம் ஓர் இடையன் வருகிறான். குழந்தையாக இருந்த ஈடிபஸைக் கைமாற்றியவனும் தந்தையின் கொலையைப் பார்த்துத் தப்பி ஓடியவனும் ஒரே ஆள். ரொம்ப வசதியான தற்செயல்தான், ஆனால் பார்க்கும்போது உறுத்துவதில்லை.