வழக்கறிஞராக இருந்து நாட்டின் சட்டமன்றத்துக்குச் சென்ற தமிழர்களில் உங்களைக் கவர்ந்தவர் யார், ஏன்?

என்னைக் கவர்ந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. பலர் அவரை மேடைப் பேச்சாளராகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காடிவரும் எனக்கு, குறுக்கு விசாரணைக் கலையை டெல்லியின் மத்திய சட்டசபைக்குள் கொண்டுபோனவர் என்பதே அவருடைய முதல் பெருமை.

1887 ஆகஸ்ட் 19 அன்று திருமயத்தில் பிறந்த அவர், சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்து, சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்று வக்கீலானார். 1923 முதல் 1930 வரை சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இருந்தார். சட்டமன்றங்களைப் புறக்கணிக்க வேண்டும் என்று காங்கிரசுக்குள் பலர் வலியுறுத்திய காலத்திலும், உள்ளே நுழைந்து வாதாடுவதே சரி என்ற நிலையிலிருந்து அவர் மாறவில்லை. 1934 தேர்தலில் நீதிக்கட்சியின் பெருந்தலைவர்களில் ஒருவரான ஆற்காடு இராமசாமி முதலியாரைச் சென்னை நகரத் தொகுதியில் தோற்கடித்து டெல்லி சென்றார். பூலாபாய் தேசாய் தலைமையிலான காங்கிரஸ் சட்டசபைக் கட்சிக்குத் துணைத் தலைவருமானார்.

அந்தச் சபையின் இயல்பைப் புரிந்துகொண்டால்தான் அவர் செய்ததன் அருமை விளங்கும். பெரும்பான்மை உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்தாலும் அரசு கவிழாது. சபை நிராகரித்த வரி மசோதாவைக்கூட கவர்னர் ஜெனரல் தம் தனி அதிகாரத்தால் சட்டமாக்கிவிடலாம். வாக்குக்கு வலுவில்லாத அந்த இடத்தில் கேள்விக்கு மட்டும் வலு இருந்தது, ஏனெனில் அரசுத் தரப்பு உறுப்பினர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பதில் அவைக் குறிப்பிலும் மறுநாள் நாளிதழிலும் ஏறிவிடும். சாட்சிக் கூண்டில் நிற்பவரைச் சிறுசிறு கேள்விகளால் அவருடைய முந்தைய பதிலோடே கட்டிப்போடுவது எங்கள் தொழிலில் கடினமான வேலை. விடை தெரியாத கேள்வியைக் கேட்காதே என்று ஒவ்வொரு சீனியரும் ஜூனியருக்குச் சொல்லித்தருவார். கேள்வி நேரத்தில் துணைக் கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து அதிகாரிகளைத் திணறவைத்த சத்தியமூர்த்தியிடம் நான் காண்பது இந்தப் பயிற்சியைத்தான். கோப்புகளைப் படிக்காமல் வரும் எவராலும் அப்படிக் கேட்க முடியாது.

அவரோடு எனக்கு உடன்பாடில்லாத இடமும் உண்டு. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மாகாணச் சட்டமன்றத்தில் முயன்றபோது, சத்தியமூர்த்தி அதை எதிர்த்தார். அத்தனை பெரிய வாதத்திறன் அன்று தவறான தரப்புக்காகச் செலவானது என்றே இன்றும் வருந்துகிறேன்.

1939இல் அவர் சென்னை மேயரானார். நகரம் குடிநீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. உலகப் போரும் தொடங்கிவிட்டது. அந்த நெருக்கடியிலும் அரசின் ஒப்புதலைப் பெற்று, கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் அமைக்க 1940இல் அடிக்கல் நாட்டச் செய்தார். டெல்லியில் ஆட்சியாளர்களை இடைவிடாமல் கேள்வி கேட்ட அதே மனிதர், ஆங்கிலேய கவர்னரின் அரசோடு பேசி ஊருக்குத் தண்ணீர் வாங்கினார் என்பதை நான் முரண்பாடாகக் கருதவில்லை. எங்கே எதிர்க்க வேண்டும், எங்கே பேசி முடிக்க வேண்டும் என்று அறிந்திருப்பது நல்ல வக்கீலின் இலக்கணம்.

பதவி குறித்த அவருடைய மனப்பான்மையும் இங்கே சொல்லத் தக்கது. 1937 தேர்தலில் பல்கலைக்கழகத் தொகுதியை இராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தார், இராஜாஜி முதலமைச்சரானார். 1936இல் தாம் மாகாணக் காங்கிரஸ் தலைவராக இருந்தபோது செயலாளராக இருந்த காமராஜர் 1940இல் தலைவரானதும், அவருக்குக் கீழே தாமே செயலாளராகப் பணியாற்றினார். வழிகாட்டிய மூத்தவர் இளையவருக்கு அடுத்த நாற்காலியில் அமர்வதை இன்றைய எந்தக் கட்சி அலுவலகத்திலும் நான் பார்த்ததில்லை.

1942 ஆகஸ்டில் கைதாகி அமராவதி சிறையில் அடைக்கப்பட்ட அவர் அங்கே கடுமையாக நோயுற்றார். 1943 மார்ச் 28 அன்று சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். பூண்டி நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது 1944 ஜூனில். தாம் தொடங்கிவைத்த ஏரியில் தண்ணீர் நிற்பதை அவர் பார்க்கவில்லை. இன்று அதன் பெயர் சத்தியமூர்த்தி சாகர், கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. ஒவ்வொரு கோடையிலும் நாளிதழில் வெளியாகும் ஏரிகளின் நீர்மட்டப் பட்டியலில் என் கண் முதலில் தேடுவது பூண்டியைத்தான்.